நோட்டுல 24 நாள் எழுதினேன், மனசு மாறலையே மேடம்

கேள்வி: மேடம், எனக்கு வயசு 37. திருச்சி பக்கம், ஒரு காலேஜ் ஆபீஸ்ல வேலை. வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, மாமியார் எல்லாரும் ஒண்ணா இருக்கோம். பெருசா ஒரு குறையும் இல்ல, ஆனாலும் எப்ப பாத்தாலும் மனசு சலிப்பாவே இருக்கு. தினமும் நன்றி எழுதினா சந்தோஷமா இருக்கலாம்னு ஒரு வீடியோல பாத்துட்டு நோட்டு வாங்கி 24 நாள் எழுதினேன். நல்ல குடும்பம், ஆரோக்கியம், வேலைன்னு தினமும் அதையே தான் எழுதறேன், ஒண்ணும் மாறல. காலைல மாமியார் 5 மணிக்கே எழுந்து இட்லி ஊத்தி வெச்சிடறாங்க, அதனால எனக்கு வேலையும் கம்மி தான், ஆனாலும் பஸ்ல ஏறி உக்காந்தா அழுகை வருது. அப்பா போய் 14 மாசம் ஆச்சு. படுக்கைல கெடக்காம போயிட்டாரே, அதுக்கு சாமிக்கு நன்றி சொல்லுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அப்ப ஆபீஸ்ல ஒரு அக்கா 16 நாளும் என் வேலையையும் சேத்து பாத்தாங்க, அவங்ககிட்ட கூட இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல, கூச்சமா இருக்கு. போதாக்குறைக்கு நாத்தனார் சென்னைல வீடு வாங்கிட்டாங்க, அத கேட்டதுல இருந்து இன்னும் மோசம். எல்லாம் இருந்தும் சந்தோஷமா இல்லையே, நான் நன்றி கெட்டவளா மேடம்?

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லம்மா. முதல்ல அந்த வார்த்தைய கீழ வெச்சிடுங்க. நன்றி கெட்டவங்க யாரும் இப்படி ஒக்காந்து லெட்டர் எழுத மாட்டாங்க.

உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். முதல் தடவ படிக்கும்போதே ரெண்டு இடத்துல பேனாவால கோடு போட்டு வெச்சேன். ஒண்ணு அந்த 5 மணி இட்லி. இன்னொண்ணு அந்த ஆபீஸ் அக்கா. ரெண்டையும் நீங்க போற போக்குல, வேற எதையோ சொல்ல வரும்போது நடுவுல சொருகிட்டு போயிட்டீங்க, இட்லிக்கு பக்கத்துலயே ஒரு "ஆனாலும்" வேற. ஆனா நீங்க 24 நாளா நோட்டுல தேடிட்டு இருந்தது இந்த ரெண்டும் தாம்மா.

"நல்ல குடும்பம், ஆரோக்கியம், வேலை"ன்னு எழுதறது தப்பில்ல. ஆனா அது ரேஷன் கார்டுல இருக்கற விவரம் மாதிரி. நேத்தும் அதே, நாளைக்கும் அதே. மனசுக்கு அதுல புதுசா பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல. நம்ம மனசோட குணமே அப்படித்தான், தெனம் இருக்கற நல்லது எதுவா இருந்தாலும் கொஞ்ச நாள்ல பழகிப் போயிடும், அப்புறம் கண்ணுல படாது. ஃபேன் ஓடிட்டே இருக்கும்போது யாராவது அத நெனைக்கறோமா? ஏப்ரல் மாசம் ராத்திரி கரண்ட் போயி ஒரு மணி நேரம் விசிறி வீசிட்டு கெடந்துட்டு, அப்புறம் கரண்ட் வந்ததும் வீடே ஒண்ணா "ஹப்பாடா"ன்னு சொல்லுமே, அந்த பத்து நிமிஷம் தான் ஃபேன் நமக்கு தெரியும். அதே ஃபேன் தான், அதே காத்து தான். 2008ல அமெரிக்காவுல சில உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இத சோதிச்சே பாத்திருக்காங்க. வாழ்க்கைல நடந்த ஒரு நல்ல விஷயம் எப்படி நடந்துச்சுன்னு எழுதறவங்கள விட, அது நடக்காமலே போயிருக்க எத்தன வழி இருந்துச்சுன்னு எழுதினவங்களுக்கு தான் மனசு கூடுதலா நல்லா இருந்துச்சு. அதாவது ஒரு நிமிஷம் மனசுக்குள்ள கரண்ட கட் பண்ணி பாக்கறது.

அதனால நோட்ட தூக்கி போடாதீங்க, எழுதற விதத்த மாத்துங்க. எங்கிட்ட ஒரு அண்ணன் வந்துட்டு இருந்தாரு, லோடு ஆட்டோ ஓட்டறவரு, அம்பது வயசு தாண்டினவரு. அவருகிட்டயும் எழுத சொன்னப்ப முதல் வாரம் "கடவுள், குடும்பம், உடம்பு"ன்னு தான் எழுதிட்டு வந்தாரு. நான் சொன்னேன், அண்ணே நேத்து உங்களுக்கு யாரு என்ன செஞ்சாங்க, அத மட்டும் எழுதுங்க, பெருசா வேண்டாம்னேன். அடுத்த வாரம் எழுதிட்டு வந்தத இன்னிக்கும் மறக்கல. "டீ மாஸ்டர் நான் ஒண்ணும் சொல்லாமலே சக்கர கம்மியா போட்டு குடுத்தாரு. போன மாசம் ஒரு நாள் சுகர் இருக்குன்னு பேச்சுவாக்குல சொன்னேன், ஞாபகம் வெச்சிருக்காரு." அவ்வளவு தான். அத வாசிச்சு காட்டும்போது அவரு குரல் ஒடஞ்சுது. ஒரு டீக்காக இல்ல, தன்ன ஒருத்தர் ஞாபகம் வெச்சிருக்காருன்னு அன்னிக்கு தான் அவருக்கு ஒரைச்சுது.

கவனிங்க, அதுல யாருன்னு இருக்கு, என்னன்னு இருக்கு, ஏன்னு இருக்கு. அந்த "ஏன்" ரொம்ப முக்கியம். 2005ல மார்ட்டின் செலிக்மன்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோட குழுவும் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, தினம் ராத்திரி அன்னிக்கு நடந்த மூணு நல்ல விஷயம், கூடவே அது ஏன் நடந்துச்சு, ஒரே ஒரு வாரம் எழுத சொன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு கேட்டப்பவும் அவங்களுக்கு மனசு முன்ன விட நல்லா தான் இருந்துச்சு, அதுலயும் வாரம் முடிஞ்ச பிறகும் யாரும் சொல்லாமலே தானா எழுதிட்டு வந்தவங்களுக்கு பலன் நல்லாவே நின்னுச்சு.

அப்புறம் தினமும் எழுதணும்னு உங்கள யாரு கட்டாயப்படுத்தினாங்க? 2003ல ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லஃப்னு ரெண்டு பேர் செஞ்ச ஆராய்ச்சி தான் இந்த நன்றி எழுதற பழக்கத்துக்கே ஆரம்பம் மாதிரி, அதுல முதல் பகுதில காலேஜ் பசங்கள வாரத்துக்கு ஒரு தடவ தான் எழுத வெச்சாங்க, பத்து வாரம். அன்னன்னிக்கு நடந்த தொல்லைகள எழுதின குரூப்போட ஒப்பிட்டு பாத்தப்ப நன்றி எழுதினவங்களுக்கு வாழ்க்கை மேல திருப்தி கூட இருந்துச்சு, உடம்பு தொந்தரவும் கம்மியா சொன்னாங்க. சோன்யா லியுபோமிர்ஸ்கின்னு இன்னொரு ஆராய்ச்சியாளர், வாரத்துக்கு ஒரு தடவ எழுதறவங்க, மூணு தடவ எழுதறவங்கன்னு பிரிச்சு ஆறு வாரம் பாத்தாங்க, வாரம் ஒரு தடவ எழுதினவங்களுக்கு தான் மாற்றம் தெரிஞ்சுது. இதுக்கு காரணம் எனக்கு புரியுது, தினம் எழுதினா அதுவும் துணி துவைக்கற மாதிரி இன்னொரு வேலையா ஆயிடுது. உங்களுக்கு ஏற்கனவே ஆபீஸ், வீடு, பசங்க படிப்பு. அதனால ஒரு வாரம் மட்டும் செலிக்மன் முறைல தினம் எழுதி கை பழகிக்கங்க, அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் போதும். ஞாயித்துக்கிழமை ராத்திரி பசங்க தூங்கின பிறகு வெச்சுக்கங்க. மூணு வரலன்னா ஒண்ணு எழுதுங்க. ஒண்ணும் வரலன்னா மூடி வெச்சிட்டு தூங்குங்க, அதுக்காக மனசு கஷ்டப்படாதீங்க.

இப்ப உங்க அப்பா விஷயம். இங்க தான் எனக்கு உங்க சொந்தக்காரங்க மேல கொஞ்சம் கோபமே வருது. படுக்கைல கெடக்காம போனாரு, அதுக்கு நன்றி சொல்லுன்னு ஒரு மகள்கிட்ட சொல்றது ஆறுதல் மாதிரி இருக்கும், ஆனா உள்ள போயி அது என்ன பண்ணுதுன்னா வாய பொத்திடுது. திடீர்னு போனவங்கள நெனச்சு அழறவங்களுக்கு "கடைசியா ஒரு வார்த்தை பேசலையே"ன்னு ஒரு துக்கம் இருக்கும், அத சொல்லவே விடாம பண்ணிடும். நன்றி துக்கத்துக்கு மருந்து கெடையாது. 14 மாசம் ஒரு பெரிய காலமும் கெடையாது. வருஷ திதி முடிஞ்சிடுச்சுன்னா துக்கமும் முடிஞ்சிடணும்னு யாரும் கணக்கு வைக்க முடியாது. பஸ்ல அழுகை வருதுன்னு எழுதியிருக்கீங்க, ஏன் பஸ்லன்னு யோசிச்சு பாத்தீங்களா? வீட்டுல அழ எடம் இல்ல, ஆபீஸ்லயும் இல்ல, நாள் பூரா உங்களுக்குன்னு இருக்கறது அந்த ஜன்னல் சீட்டு தான். அழட்டும்மா, தடுக்காதீங்க.

நோட்டுல அப்பாவுக்குன்னு பின்பக்கத்துல இருந்து தனியா எழுதுங்க. அவரு போனது நல்லதுன்னு எழுதாதீங்க. அவரு என்ன செஞ்சாருன்னு எழுதுங்க. ஸ்கூல் தொறக்கறப்ப புக்குக்கு பிரவுன் ஷீட் போட்டு குடுத்திருப்பாரு, சைக்கிள் பின்னாடி பிடிச்சிட்டு ஓடி வந்திருப்பாரு, எனக்கு தெரியாது, உங்களுக்கு தெரியும். எழுதும்போது அழுகையும் வரும் சந்தோஷமும் வரும், ரெண்டும் சேந்தே வரும். அப்படி வந்தா ஏதோ தப்பு நடக்குதுன்னு நெனச்சுக்காதீங்க.

நாத்தனார் வீடு வாங்கினத கேட்டு மனசு வாடினதுக்கும் உங்கள நீங்களே திட்டிக்கறீங்க. அது வரத்தான் செய்யும், வந்துட்டு போகட்டும். நான் வேணாம்னு சொல்றது ஒண்ணு மட்டும் தான், "நம்மள விட கஷ்டப்படறவங்கள பாரு, நீ எவ்வளவோ பரவால்ல"ன்னு சொல்ற பழக்கம். நம்ம ஊர்ல எல்லாரும் நன்றின்னு சொல்லிக் குடுக்கறது இதைத்தான், எனக்கு இதுல சம்மதமே இல்ல. இன்னொருத்தர் கஷ்டத்த பாத்து நான் நிம்மதி தேடிக்கறதுல என்ன நன்றி இருக்கு? அப்படி கீழ பாத்து பழகின கண்ணு தான் மேலயும் பாக்கும், வாடகை வீட்ட பாத்து நிம்மதி ஆனா சொந்த வீட்ட பாத்து வயிறு எரியத்தான் செய்யும், அளக்கற கோல் ஒண்ணு தானே. அந்த கோலையே எடுக்காதீங்க.

பழைய தமிழ்ல நன்றின்னா நன்மைன்னு அர்த்தம். செய்ந்நன்றி அறிதல்னா ஒருத்தர் செஞ்ச நன்மைய அறிஞ்சுக்கறது. இந்த "அறிதல்"ன்ற வார்த்த எனக்கு ரொம்ப பிடிக்கும். முதல் வேலை தெரிஞ்சுக்கறது தான், சொல்றது அதுக்கு அப்புறம். நம்ம வீடுகள்ல இத கடனா மாத்திட்டாங்க, நன்றிக்கடன்னு. சோறு போட்டேன், வளத்தேன், படிக்க வெச்சேன், நன்றி இருக்கான்னு கேக்கற ஆளுங்க எல்லா குடும்பத்துலயும் இருக்காங்க, அதனாலயே நன்றின்னா நெறைய பேருக்கு ஒரு பாரமா படுது. உங்களுக்கு அந்த நெலம இல்லன்னு லெட்டர்ல தெரியுது, ஆனா இத படிக்கற வேற யாருக்காவது வீட்டுல அடி, மெரட்டல்னு இருந்தா, அவங்க நமக்கு செஞ்சத நெனச்சு பொறுத்துக்கணும்னு நான் சொல்லவே மாட்டேன், 181க்கு போன் பண்ணுங்க, அது பெண்களுக்கான உதவி எண்.

சரி, அந்த இட்லிக்கு வர்றேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்களும் 5 மணிக்கு எழுந்து அடுப்படி வாசல்ல போயி நில்லுங்க. உதவி பண்ண வேண்டாம், சும்மா பாருங்க. இட்லித் துணிய நனைச்சு புழிஞ்சு தட்டுல விரிக்கறது, மாவு பொங்கி வழிஞ்சிருக்கான்னு மூடிய தெறந்து பாக்கறது, பசங்க முழிச்சிடக் கூடாதுன்னு மிக்ஸிய கதவ சாத்திட்டு போடறது, இப்படி ஏதாவது ஒண்ணு நிச்சயம் இருக்கும், இத்தன வருஷமா உங்க கண்ணுல படாத ஒண்ணு. அத நோட்டுல எழுதுங்க. மாமியார்னா நமக்கு ஆயிரம் மனத்தாங்கல் இருக்கும், அதெல்லாம் இல்லன்னு ஆயிடாது. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்.

என் அம்மா விஷயம் ஒண்ணு சொல்றேன். ஸ்கூலுக்கு தயிர்சாதம் கட்டி குடுப்பாங்க, எலுமிச்ச ஊறுகாய தனியா ஒரு வாழையெல துண்டுல மடிச்சு மேல வைப்பாங்க, நூல் சுத்தி. ஆறாங்கிளாஸ்ல ஒரு நாள் ஊறுகா எண்ணெ எறங்கி சாதம் பூரா மஞ்சளாயிடுச்சுன்னு நான் அழுதிருக்கேன், அதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் ஒரு நாள் தவறாம அந்த எல மடிப்பு. எனக்கு அது உறைச்சது என் பொண்ணுக்கு டிபன் கட்டும்போது தான், முப்பது வயசு தாண்டி. அன்னிக்கே ஊருக்கு போயி அம்மாகிட்ட சொன்னேன். தேங்க்ஸ்னு சொல்லல, நம்ம வீட்டுல அம்மாவுக்கு தேங்க்ஸ் சொன்னா "நான் என்ன வெளியாளா"ன்னு தான் கேப்பாங்க. "அந்த ஊறுகாய எலைல மடிச்சு வைப்பியேம்மா"ன்னு மட்டும் சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசல, தொடச்ச அடுப்பையே திரும்ப தொடச்சிட்டு இருந்தாங்க. ராத்திரி படுக்கும்போது "அதெல்லாமா ஞாபகம் வெச்சிருக்க"ன்னு கேட்டாங்க.

அதனால உங்க மாமியார்கிட்டயும் நன்றின்னு சொல்லி அவங்கள சங்கடப்படுத்த வேண்டாம். பாத்தத சொல்லுங்க. "மிக்ஸி சத்தம் கேக்காம கதவ சாத்திக்கறீங்களே அத்தே, இன்னிக்கு தான் பாத்தேன்"னு சொன்னா போதும்.

இன்னொன்னும் சொல்லியே ஆகணும், இத மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. நன்றி எழுதறது மனச்சோர்வுக்கு சிகிச்சை கெடையாது. 2021ல வெளிவந்த ஒரு ஆய்வுல, முன்னாடி நடந்த 27 ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்து பாத்தாங்க, மனச்சோர்வும் பதட்டமும் கொறையறதுக்கு இந்த பயிற்சிகள் உதவறது ரொம்ப கொஞ்சம் தான்னு தெரிஞ்சுது. அதனால உங்களையே கேட்டுக்கங்க. ரெண்டு வாரத்துக்கு மேல நாள்ல பெரும்பாலான நேரம் மனசு கீழயே கெடக்குதா, முன்ன பிடிச்சது எதுவும் இப்ப பிடிக்கலையா, விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்து தூக்கம் போயிடுதா, சாப்பாடு எறங்கலையா? ஆமான்னா நோட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், டாக்டர பாருங்க. தைராய்டு, ரத்தத்துல ஹீமோகுளோபின் ரெண்டும் டெஸ்ட் எடுத்துடுங்க, அது கொறஞ்சாலே பொம்பளைங்களுக்கு இந்த சலிப்பும் அசதியும் வரும், நாம மனச குத்தம் சொல்லிட்டு இருப்போம். மாவட்ட தலைமை அரசு ஆஸ்பத்திரிகள்ல மனநல பிரிவு இருக்கு. நேர்ல போக தயக்கமா இருந்தா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்ன்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. வாழவே வேண்டாம்னு ஒரு நெனப்பு எப்பவாவது எட்டிப் பாத்தா அன்னிக்கே, அந்த நேரமே பேசுங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க.

கடைசியா அந்த ஆபீஸ் அக்கா. 16 நாள், அட்மிஷனோ பரீட்சையோ ஏதோ ஒரு வேலை காலேஜ் ஆபீஸ்ல எப்பவும் இருக்கும், தன் வேலையோட உங்க வேலையையும் தூக்கிட்டு நின்னிருக்காங்க. 14 மாசம் ஆயிடுச்சு, இனிமே போயி என்ன சொல்றதுன்னு தான உங்களுக்கு கூச்சம்? இந்த கூச்சத்தையே 2018ல ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, அமித் குமார், நிக்கோலஸ் எப்லின்னு. நன்றி சொல்லி லெட்டர் எழுத வெச்சு, வாங்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு நெனைக்கிறீங்கன்னு எழுதினவங்ககிட்ட முதல்லயே கேட்டாங்க, அப்புறம் வாங்கினவங்ககிட்டயும் கேட்டாங்க. எழுதினவங்க நெனச்ச அளவுக்கு அவங்களுக்கு சங்கடமாவே இல்ல, சந்தோஷம் மட்டும் இவங்க நெனச்சத விட கூட. லேட்டாயிடுச்சேன்னு நமக்கு தான் உறுத்தும், கேக்கறவங்களுக்கு இத்தன நாள் ஞாபகம் வெச்சிருக்காளேன்னு இருக்கும். முன்ன சொன்ன செலிக்மன் ஆராய்ச்சிலயும், ஒருத்தருக்கு நன்றிய எழுதி நேர்ல போயி குடுத்தவங்களுக்கு தான் ஒடனடி சந்தோஷம் எல்லா பயிற்சியையும் விட அதிகமா வந்துச்சு, ஒரு மாசம் வரைக்கும் நின்னுச்சு.

வாட்ஸ்அப்ல கை கூப்பற படம் அனுப்பிடாதீங்க, ப்ளீஸ். நோட்டுல முதல்ல எழுதிப் பாருங்க, அந்த 16 நாள்ல அவங்க என்னென்ன பாத்திருப்பாங்க, எந்த ஃபைல், எந்த கேள்விக்கு யாருக்கு பதில் சொல்லியிருப்பாங்க, காரியம் முடிஞ்சு நீங்க திரும்பி வந்த அன்னிக்கு உங்க டேபிள் எப்படி இருந்துச்சு. அதுல ஒண்ண எடுத்துக்கிட்டு, மத்தியானம் டிபன் பாக்ஸ தெறக்கற நேரத்துல, பக்கத்துல யாரும் இல்லாதப்ப, "அக்கா, அப்பா தவறினப்ப நான் திரும்பி வந்தா என் டேபிள்ல ஒரு பேப்பர் கூட பாக்கி இல்ல. அத நான் மறக்கல"ன்னு சொல்லிடுங்க. குரல் நடுங்கினா நடுங்கட்டும். அவங்க பெருசா எதுவும் பதில் சொல்ல மாட்டாங்க, "அடி போடி, அதுக்கென்ன இப்போ, சாப்பிடு"ன்னு பேச்ச மாத்துவாங்க, அவங்க டப்பால இருந்து ஏதாவது பொரியல் எடுத்து உங்க தட்டுல வெப்பாங்க. வாங்கிக்கங்க.